வாசல் திறந்திருக்குன்னு நினைச்சு உள்ள போன கதை

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆணி அதிகம் மக்களே. இன்னைக்கும் எழுதியிருக்க மாட்டேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்தா தபால்பெட்டியில இத்தாலியில இருந்து ஒரு உறை. பத்து மாசம் முன்னாடி ஃபிளாரன்ஸ் ஊருக்குள்ள கார் ஓட்டிட்டுப் போனதுக்கு அபராதம். தொண்ணூறு யூரோவுக்குக் கொஞ்சம் மேல. இது ரெண்டாவது உறை.

நடந்தது இதுதான். மியூனிக்ல இருந்து நானும் ரூம்மேட்டும் வாடகைக் கார் எடுத்துட்டு, பிரென்னர் கணவாய் வழியா ஆல்ப்ஸைத் தாண்டி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அங்க போய்ச் சேர்ந்தோம். ஊரைச் சுத்தி அகலமா ஒரு ரிங் ரோடு. ஜிபிஎஸ் சின்னத் தெரு ஒண்ணைக் காட்டித் திரும்பச் சொல்லுச்சு. தெருமுனையில சிவப்பு எழுத்துல ஒரு பலகை மின்னுது. "அட்டிவான்னு போட்ருக்குடா, ஆக்டிவ்னு அர்த்தம். ரோடு ஓப்பன்தான், போ"ன்னான். போனேன். ஒருவழிப்பாதையில மாட்டி வெளிய வந்து, வேற தெருவுல உள்ள போய், திரும்ப வெளிய வந்து, திரும்ப உள்ள. மூணு நுழைவு, மூணு கேமரா.

அட்டிவான்னா ஆக்டிவ்தான். தமிழாக்கம் சரி. ஆனா ஆக்டிவா இருந்தது ரோடு இல்லை, தடை! இசட்.டி.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படுற 'கட்டுப்படுத்தப்பட்ட போக்குவரத்துப் பகுதி' அது. உள்ளே குடியிருப்பவர்களும் அனுமதி வாங்கினவர்களும் மட்டும் வண்டி ஓட்டலாம். இந்தப் பலகையில ஏமாந்தது நாங்க மட்டும் இல்லைன்னு அப்புறம் தெரிஞ்சுது. இத்தாலியின் பல ஊர்களில் முன்னாடி "வார்கோ அட்டிவோ"ன்னு எழுதி வெச்சிருந்தாங்க. வார்கோன்னா நுழைவாயில். நுழைவாயில் ஆக்டிவ்னா யாரா இருந்தாலும் உள்ளதான் போவான். கடைசியில அமைச்சகமே 2019-ல, நுழைவாயில்னு போடாதீங்க, இசட்.டி.எல். அட்டிவான்னு போடுங்கன்னு வழிகாட்டுதல் கொடுத்துச்சு. அந்தத் தெளிவான பலகையைப் பார்த்தும் உள்ள போன பெருமை எங்களுடையது :-)

ஊருக்குள்ள வண்டியை விடாதேங்கிறது அந்த நாட்டுக்குப் புதுசும் இல்லை. கி.மு. 45-லேயே ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம், பகல்ல ரோம் நகருக்குள்ள பார வண்டிகள் ஓடக் கூடாதுன்னு சொல்லுது. கோயில் கட்டுற கல் ஏத்தின வண்டிக்கு விலக்கு, வெஸ்டா தேவதையின் கன்னிப் பூசாரிகளுக்கு விலக்கு, இப்படி ஒரு பட்டியல் வேற. பகல்ல தடுத்ததால வண்டியெல்லாம் ராத்திரியில கடகடன்னு ஓடி, ஊர்ல ஒருத்தனும் தூங்க முடியலைன்னு அடுத்த நூற்றாண்டுகளில் ஜுவெனல் என்ற கவிஞர் புலம்பியிருக்கார்.

சரி, ஃபிளாரன்ஸுக்கு வருவோம். அபராதக் கடுப்புல, அந்தக் கோட்டை எங்கதான் போட்டு வெச்சிருக்காங்கன்னு மேப்பைத் திறந்து பார்த்தேன். இசட்.டி.எல். எல்லை கிட்டத்தட்ட அந்த ரிங் ரோட்டையே ஒட்டிப் போகுது. அந்த ரிங் ரோடு எதுன்னு பார்த்தா, பழைய மதில்சுவர் நின்ன இடம்!

1284-ல கட்ட ஆரம்பிச்சு 1333-ல முடிச்ச மதில் அது. சுமார் எட்டரை கிலோமீட்டர் சுற்றளவு. அதுக்கு முன்னாடி 1170களில் கட்டின மதில் பத்தாம, ஊர் வெளிய வழிஞ்சு போனதால, இன்னும் வளரும்னு நம்பிப் பெருசா கட்டினாங்க. நேரம் சரியில்லை. முடிச்ச அதே 1333 நவம்பர்ல ஆர்னோ நதியில வெள்ளம் வந்து பாலங்களை அடிச்சிட்டுப் போச்சு. (இப்ப எல்லாரும் போட்டோ எடுக்கிற பொன்டே வெக்கியோ அதுக்கப்புறம் 1345-ல கட்டினது.) 1348-ல கொள்ளைநோய். ஊர்ல பாதிக்கும் மேல செத்துப்போனாங்க. வளரப்போற ஊருக்குன்னு கட்டின மதிலுக்குள்ள, அடுத்த ஐந்நூறு வருஷம் தோட்டமும் காலி நிலமும்தான் நிறைய இருந்துச்சு. கெபாசிட்டி பிளானிங் பண்றவங்க இந்த இடத்துல ஒரு நிமிஷம் எழுந்து நிக்கவும்.

மதில்னா எதிரியைத் தடுக்கிறதுக்குன்னுதான் நான் நினைச்சிருந்தேன். அந்த ஊர்க்காரர் ஜியோவானி வில்லானி, 1338 வாக்கில் நகராட்சிக்கு எதுல இருந்து எவ்வளவு வருமானம்னு கணக்கு எழுதி வெச்சிருக்கார். மொத்தம் சுமார் மூணு லட்சம் ஃபுளோரின் தங்கக்காசு. அதுல 90,200 ஃபுளோரின் வாசல் சுங்கம் மட்டும்! ஊருக்குள்ள வர்ற, வெளிய போற சரக்குக்கெல்லாம் வாசல்ல காசு. வரவுப் பட்டியல்ல முதல் இடம் இதுக்குத்தான். எதிரி எப்பவாவது வருவான், கழுதை மேல மூட்டை ஏத்திட்டு விவசாயி தினமும் வருவான் இல்லையா. இவ்வளவு நுணுக்கமா கணக்கு எழுதின வில்லானியும் 1348 கொள்ளைநோய்லதான் போய்ச் சேர்ந்தார். மதிலைக் கட்டும்போதும் பார்த்து, அது காலியானதையும் பார்த்த மனுஷன். அவரைப் பத்தித் தனியா ஒரு பதிவு போடணும்.

மதிலை இடிச்சது பகைவன் இல்லை, என்ஜினீயர். நம்ம இனம்! 1865-ல ஒன்றிணைந்த இத்தாலியின் தலைநகர் தூரின்ல இருந்து ஃபிளாரன்ஸுக்கு மாறுச்சு. அரசாங்கமும் ஆயிரக்கணக்கான ஜனமும் வந்து இறங்கப்போகுது, இடம் வேணும். ஜுசெப்பே போஜ்ஜி என்ற கட்டடக்கலைஞர்-கம்-என்ஜினீயர், ஆர்னோவுக்கு வடக்கே இருந்த மதில் முழுசையும் இடிச்சுத் தள்ளி, அந்த இடத்துல மரங்கள் வரிசையா நிக்கிற அகலமான சாலை போட்டார். குதிரை வண்டிகள் தாராளமா போகட்டும்னு. பழைய வாசல்கள் சிலதை மட்டும் இடிக்காம, சதுக்கத்து நடுவுல நினைவுச்சின்னமா நிறுத்தி வெச்சார். நாங்க ரவுண்டானா நடுவுல பார்த்து "இது என்னடா, சுவரே இல்லாம வாசல் மட்டும் நிக்குது"ன்னு சிரிச்சது அதுதான்.

1871-ல தலைநகர் ரோமுக்குப் போயிடுச்சு. வேலைக்கு வாங்கின கடன் மட்டும் போகலை. 1878-ல நகராட்சி திவாலாச்சு. கிளையன்ட் பாதியில ஓடிப்போன பிராஜெக்ட் மாதிரி.

அப்புறம் கார் வந்துச்சு. 1955-ல ஃபியட் 600, 1957-ல ஃபியட் 500 வந்ததும் நடுத்தர வர்க்கமும் கார் வாங்கிடுச்சு. குதிரை ஒண்ணு நுழையிற அளவு தெருவுல அத்தனையும் வந்து அடைஞ்சுது. பிட்டி அரண்மனை முன்னாடி இருக்கிற சரிவான சதுக்கமே கார் நிறுத்துற இடமா கிடந்துச்சு. கதீட்ரலை உரசுற மாதிரி பஸ் ஓடினது 2009 வரைக்கும். அந்த வருஷம்தான் அந்தச் சதுக்கத்தை நடக்கிறவங்களுக்கு மட்டும்னு மாத்தினாங்க. 1980களில் மெல்ல மெல்லத் தடைகள் ஆரம்பிச்சு, 1999-ல வந்த ஓர் ஆணை நுழைவாயில்களில் கேமரா வைக்க விதிமுறை வகுத்துச்சு. வண்டி போகட்டும்னு இடிச்ச மதிலை, வண்டி வர வேணாம்னு அதே கோட்டுல திரும்பக் கட்ட வேண்டியதாப் போச்சு. இந்தத் தடவை கல்லுக்குப் பதிலா கேமரா.

ஆர்னோவுக்குத் தெற்கே மதில் சில இடங்கள்ல அப்படியே நிக்குது. மறுநாள் சான் ஃப்ரெடியானோ வாசலுக்கு நடந்தே போனோம். ரெண்டு ஆள் உயரத்தை விட எவ்வளவோ பெரிய பழைய மரக்கதவு, முழுக்க இரும்பு ஆணி அடிச்சது. (இங்கயும் ஆணி!) அதைச் சாத்தி வெச்சிருந்தா நான் நிச்சயமா உள்ள போயிருக்க மாட்டேன்னு அப்ப ரூம்மேட் கிட்ட சொல்லவும் தெரியலை, ஏன்னா அபராதம் விழுந்ததே அப்ப தெரியாது.

தெரிஞ்சது ரெண்டு மாசம் கழிச்சு. கார் கம்பெனி, உங்க விலாசத்தைக் கேட்டாங்க, கொடுத்துட்டோம்னு சொல்லி அதுக்கு ஒரு கட்டணத்தை கார்டுல எடுத்தப்போ. தங்கின விடுதியில முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா கார் நம்பரைப் பதிவு பண்ணிக் கொடுத்திருப்பாங்களாம். கேட்கலை. யாரையும் குத்தம் சொல்ல வழியில்லை.

அஞ்சு நாளுக்குள்ள கட்டினா முப்பது சதவீதம் தள்ளுபடி. முதல் உறைக்கு ஊர்ல இல்லாம அதை விட்டுட்டேன். இதை இன்னைக்கு ராத்திரியே கட்டிடறேன். பாதி ரூம்மேட் தரணும், "நான் மொழிபெயர்ப்புதான் பண்ணேன், ஓட்டினது நீதானே"ங்கிறான். ஓட்டினது யாருன்னு தெரிஞ்சதுல இருந்து 360 நாள் வரைக்கும் வெளிநாட்டுக்காரனுக்கு உறை அனுப்பலாமாம். மூணாவது உறை இன்னும் வரலை.