கல்முனைக் கரையும் கல்லூரி வாயிலும்

1942 ஏப்பிரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. அரிசி இறக்குமதி அருகிய அவ்வேளையில், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டுக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் ஏ. எம். ஏ. அஸீஸ், இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம் அவரே. நெல்லைத் தேடி வந்தவரின் கண்ணிற் பட்டதோ கல்விக் குறை. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை ஆகியவற்றில் வயலுக்குக் குறைவில்லை. உயர்கல்வி கண்டோர் மிகச் சிலரே. அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. 1945 மேயில் அவர் கொழும்பில் நிறுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி அதன் விரிவே எனலாம்.

அவ்வாண்டு ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பின்னர் தனி நிதி எதற்கு? இலவசமானது கற்பித்தற் கட்டணமே. உணவும் உடையும் வழிச்செலவும் அல்ல. கல்முனைக்குப் புகையிரதப் பாதையும் இல்லை. மட்டக்களப்புக்குச் சென்றே வண்டியேற வேண்டும். பணத்தினும் பெரிய தடை மொழி. ஊர்ப் பாடசாலையில் தமிழிற் கற்றவன், ஆங்கிலத்தில் இயங்கிய பல்கலைக்கழகத்தை எட்ட இடையில் ஓர் ஆங்கிலப் பாடசாலை வேண்டியிருந்தது. அறிவிற் குறைந்தவனல்லன், ஏணியில் நடுப்படி இல்லாதவன். கல்முனை ஸாஹிராக் கல்லூரி 1949இல் எழுந்தமையின் பெறுமதி இதனாற் புலனாகும்.

1960இல் கலைப்பீடத்திற் சுயமொழிப் போதனை தொடங்கிற்று. வாயில் அகன்றது, ஆயின் விரிவுரை தமிழில், நூலகமோ ஆங்கிலத்தில். மேலதிக நூலை நாட இயலாதவனுக்கு விரிவுரைக் குறிப்பே வேதமாயிற்று. 1974இன் மாவட்டக் கோட்டா யாழ்ப்பாண மாணவருக்கு இழைத்த அநீதி மறைக்கற்பாலதன்று. அம்பாறைப் பிள்ளைகளுக்கு அதுவே வழிவிட்டமையும் உண்மை. உள்ளே வந்தவரை நிலைபெறச் செய்வது எவ்வாறு என்பதைக் கோட்டா சிந்திக்கவில்லை. 1980களிற் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அனுமதி பெற்றுக் காத்திருந்தோருக்கு அவரவர் பிரதேசங்களிலேயே ஆங்கிலப் பயிற்சி அளிக்க முற்பட்டது. காலந்தாழ்ந்ததெனினும் நோயறிந்த மருந்து அது.

1995இல் உருவான தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி மறு ஆண்டிற் பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவில் கல்முனையிலிருந்து பேருந்தில் அன்றாடம் போய்வரும் தொலைவு. வெளியூர் விடுதிக்கு மகளை அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு இது பெரும் மாற்றம். எனினும் தமிழ் மூலம் கற்று வரும் மாணவர், நூலகத்தில் ஆங்கில நூலை விரிக்கையில் அகராதியையும் உடன் விரிக்க வேண்டியுள்ளது.