காட்டுவழி ஊர்திகள்: அன்றும் இன்றும்

ஒரு நாட்டின் வரலாற்றை அதன் மன்னர்களைக் கொண்டு எழுதலாம். அது கண்ட போர்களைக் கொண்டு எழுதலாம். அந்நாட்டு மக்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எவ்வாறு சென்றனர் என்பதைக் கொண்டும் எழுதலாம். மூன்றாவது வகை வரலாறு பாடநூல்களில் குறைவாகவே இடம்பெறுகின்றது. ஆயினும், ஜொகூர் மாநிலத்துப் பண்டார் தெங்காரா போன்ற ஊர்களைப் பொறுத்தவரையில் அவ்வரலாற்றுக்கே முதலிடம் தருதல் வேண்டும். அங்கு முதலில் வழி வந்தது. பின்னரே ஊர் வந்தது.

கூலாய் நகருக்கு வடக்கே, செம்பனைத் தோட்டங்களும் பெல்டா நிலக்குடியேற்றத் திட்டங்களும் சூழ அமைந்துள்ளது பண்டார் தெங்காரா. 1972ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி நிறுவப்பட்ட தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம், சுருக்கமாகக் 'கெஜோரா', பெரும்பாலும் காடாகக் கிடந்த நிலப்பரப்பில் உருவாக்கிய நகரங்களுள் இதுவும் ஒன்றாகும். இன்று இங்குத் தார்ச்சாலையில் எவ்வகை ஊர்தியும் வந்து போகலாம். தார்ச்சாலை வருமுன் இத்தகைய நிலத்தில் ஓடிய ஊர்தி எது? அதன் இன்றைய வழித்தோன்றல் எது? இரண்டையும் ஒப்பிட்டால் மக்கள் பெற்றது என்ன, இழந்தது என்ன? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறே வழியாக இருந்த காலம்

பழைய ஜொகூரில் ஆறுகளே நெடுஞ்சாலைகளாக விளங்கின. 16ஆம் நூற்றாண்டில் ஜொகூர்ச் சுல்தான்கள் தலைநகராகக் கொண்டிருந்த சாயோங் பினாங், ஜொகூர் லாமா, பத்து சாவார் ஆகிய மூன்றும் ஜொகூர் ஆற்றையும் அதன் கிளையாறுகளையும் சார்ந்தே அமைந்திருந்தன. 19ஆம் நூற்றாண்டில் மிளகும் கம்பீரும் பயிரிட்ட சீனக் குடியேறிகளும் ஆற்றங்கரைகளையே நாடினர். 1909ஆம் ஆண்டில் ஜொகூர் இருப்புப்பாதை நிறைவெய்தியதும், 1924ஆம் ஆண்டில் சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலம் திறக்கப்பட்டதும் நிலவழிப் போக்குவரத்திற்கு வலுவூட்டின. எனினும், இருப்புப்பாதையிலிருந்து விலகிய உட்பகுதிகளில் செம்மண் தடங்களும் ஒற்றையடிப் பாதைகளுமே இருந்தன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அத்தடங்கள் சேறாகிவிடும். மாட்டுவண்டியின் சக்கரம் அமிழும்; சாதாரண மோட்டார் வண்டியின் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். நான்கு சக்கரங்களையும் ஒருங்கே உந்தும் ஊர்தி வேண்டும் என்னும் தேவை அச்சேற்றிலேயே தோன்றியது எனலாம்.

பற்றாக்குறையில் பிறந்த ஊர்தி

அத்தகைய ஊர்தியைப் பெருந்தொகையில் முதன்முதல் உலகிற்கு வழங்கியது இரண்டாம் உலகப் போர். அமெரிக்கப் படைக்காக வில்லிஸ், போர்டு ஆகிய நிறுவனங்கள் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளை உருவாக்கின. போர் முடிந்ததும் அவை பண்ணைகளுக்கும் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தன. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947ஆம் ஆண்டிலேயே பம்பாயில் வில்லிஸ் ஜீப்பை இணைத்துக் கட்டத் தொடங்கியது.

இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்சு நாட்டின் ஆங்கில்சித் தீவிலிருந்த தம் பண்ணையில் அத்தகைய பழைய ஜீப்பு ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதற்கு ஈடான ஊர்தியைத் தாமே உருவாக்கலாம் என்னும் எண்ணம் 1947ஆம் ஆண்டில் அவருக்கு எழுந்தது. போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகு பங்கீட்டு முறையில்தான் கிடைத்தது. அலுமினியமோ தட்டுப்பாடின்றிக் கிடைத்தது. ஆதலின், எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து அடிச்சட்டம் செய்து, அதன்மேல் அலுமினியக் கலவைத் தகடுகளால் உடற்பகுதியை அமைத்தனர். மலாயா போன்ற ஈரம் மிகுந்த நாடுகளில், துருப்பிடிக்காத அத்தகடுகளே அவ்வூர்தியின் பெருஞ்சிறப்பாக விளங்கின. பற்றாக்குறை கற்பித்த பாடம் பயனாக மாறியதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

லேண்ட்ரோவர் எனப் பெயரிடப்பட்ட அவ்வூர்தி 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட நீளம் 80 அங்குலம். இயந்திரத்தின் ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத்திறன். ஆற்றல் சிறிதாயினும், கூடுதலாக அமைந்த தாழ்நிலைக் கியர், வேகத்தைக் குறைத்துச் சக்கரங்களின் இழுவிசையைப் பெருக்கியது. கனத்த பாறையை நீண்ட நெம்புகோல் எளிதாக நகர்த்துவது போன்றதே இதன் செயல்முறையும். நிறுத்தி வைத்த ஊர்தியின் இயந்திரத்தைக் கொண்டு மரம் அறுக்கவும் கதிரடிக்கவும் இயலும்படியும் அதனை அமைத்திருந்தனர்.

அவசரகாலமும் தோட்டப்புறமும்

லேண்ட்ரோவர் வெளிவந்து இரண்டு திங்கள் நிறைவதற்குள், 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனையடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள்வரை அது நீடித்தது. காட்டோரத் தடங்களில் படையினரும் காவல் துறையினரும் சென்றுவர லேண்ட்ரோவர் பெரிதும் பயன்பட்டது. தோட்ட மேலாளர்கள் தம் ஊர்திகளுக்கு இரும்புக் கவசத் தகடுகள் பொருத்திக்கொண்டனர். தொழிலாளர்களின் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. தோட்டப்புறத் தமிழருக்கு லேண்ட்ரோவர் அவர்களுடைய ஊர்தியாக இருக்கவில்லை. அது துரையின் ஊர்தி. அதன் ஓசை கேட்டதும் மண்டோர் நிமிர்ந்து நிற்பார். பால்வெட்டுவோரின் கைகள் விரையும். வேலைக்காட்டிற்கு அவர்கள் நடந்தோ லோரியிலோ டிராக்டர் இழுவண்டியிலோ சென்றனர். ஆயினும், அவ்வூர்தி ஓடிய செம்மண் சாலையை வெட்டிச் சமன்செய்தோருள்ளும், சேற்றில் சிக்கிய வேளையில் தோள்கொடுத்துத் தள்ளியோருள்ளும், பட்டறையில் அதன் அடியில் படுத்துப் பழுது பார்த்தோருள்ளும் தமிழர் பலர் இருந்தனர். ஊர்தியைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் பல எழுந்துள்ளன. அதனை ஓட்டியவரையும் பழுது பார்த்தவரையும் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகச் சில.

இரண்டு பயணங்கள்

பழைய ஊர்தியின் உறுதிக்கு ஜொகூர் வழியாக நிகழ்ந்த ஒரு பயணமே சான்று பகரும். 1955ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இளைஞர் அறுவர் இரண்டு லேண்ட்ரோவர்களில் இலண்டனை விட்டுப் புறப்பட்டனர். ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா, பர்மா, தாய்லாந்து ஆகிய பகுதிகளைக் கடந்து, அவசரகாலம் நிலவிய மலாயாவின் ஊடே வந்து, 1956ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்தனர்.

அவ்விரு ஊர்திகளுள் 'ஆக்ஸ்போர்டு' எனப் பெயர் பெற்றது, பின்னர் அத்திலாந்திக்குப் பெருங்கடலின் செயின்ட் எலினா தீவில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அது மீட்கப்பட்டுச் செப்பனிடப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட அவ்வூர்தி, 111 நாட்களில், டிசம்பர் 14ஆம் நாள், இலண்டன் சென்றடைந்தது. முதற்பயணத்தில் பங்கேற்ற டிம் சிலெசர் உடல்நலக் குறைவால் செல்ல இயலாமற்போக, அவருடைய பேரர் அவரிடத்தை நிரப்பினார். அறுபத்து நான்கு ஆண்டு கடந்த இயந்திரம் மீண்டும் கண்டங்களைக் கடந்ததற்குக் காரணம் மந்திரமன்று. திருகாணியைக் கழற்றி, பழுதுற்ற உறுப்பை நீக்கி, வேறொன்றைப் பொருத்தும் வகையில் அது அமைந்திருந்தது. அதன் உறுப்புகள் கண்ணுக்குத் தெரிந்தன, கைக்கு எட்டின, அறிவுக்கும் எட்டின.

வழித்தோன்றல்கள்

அடிப்படை அமைப்பு மாறாமலே லேண்ட்ரோவர் பல படிநிலைகளைக் கண்டது. 1958ஆம் ஆண்டில் இரண்டாம் வரிசையும், 1971ஆம் ஆண்டில் மூன்றாம் வரிசையும் வெளிவந்தன. முதுகெலும்பை உலுக்கிய பட்டை வில்களுக்கு மாற்றாக, 1983ஆம் ஆண்டில் சுருள்வில்கள் இடம்பெற்றன. 1990ஆம் ஆண்டில் 'டிபெண்டர்' என்னும் பெயர் சூட்டப்பட்டது. புகை, பாதுகாப்பு ஆகியவை தொடர்பான விதிகள் கடுமையானதாலும் உற்பத்திச் செலவு மிகுந்ததாலும், 2016ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் அதன் உற்பத்தி நின்றது. அதற்குள் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊர்திகள் உருவாகியிருந்தன. இதற்கிடையே, 2008ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை இந்தியாவின் டாட்டா மோட்டார்ஸ் வாங்கியிருந்தது. குடியேற்ற ஆட்சியின் சின்னமாகத் தோட்டப்புறத்தில் நடமாடிய ஊர்தி இந்திய நிறுவனத்தின் உடைமையானது, காலம் செய்த கோலம்.

புதிய டிபெண்டர் 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் பிராங்பர்ட்டில் வெளியிடப்பட்டது. சுலோவாக்கிய நாட்டின் நித்ரா நகரில் அது உருவாகின்றது. தனி அடிச்சட்டம் இதில் இல்லை. உடலும் சட்டமும் ஒன்றாகவே வார்க்கப்பட்டாற்போல் அமைந்துள்ளன. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். பழைய டிபெண்டர் 500 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும். காற்று வில்கள் பொருத்திய புதியது 900 மில்லிமீட்டர் ஆழத்தைக் கடக்கவல்லது. 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007ஆம் ஆண்டு ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த வெள்ளத்தை நினைவிற் கொண்டோர் இவ்வேறுபாட்டின் அருமையை உணர்வர். சேறு, மணல், பாறை என நிலத்தின் இயல்பைக் குறிப்பிட்டால், கணினியே ஒவ்வொரு சக்கரத்திற்கும் செல்லும் ஆற்றலை நெறிப்படுத்துகின்றது.

பாதுகாப்பிலும் புதியதே மேம்பட்டது. பழைய டிபெண்டரில் இறுதிவரையில் பாதுகாப்புக் காற்றுப்பை இல்லை. புதியது 2020ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரத் தகுதியைப் பெற்றது. வெயிலில் வெந்து, இரைச்சலில் செவி மரத்து, பக்கவாட்டுப் பலகையைப் பற்றிக்கொண்டு பயணம் செய்தோரைக் கேட்டால், பழைமை யாவும் இனிமை என்று கூறமாட்டார்கள். உயிரைக் காக்கும் முன்னேற்றத்தைப் பழம்பெருமை பேசித் தள்ளிவிடுதல் தகாது.

கைவிட்டுப் போன அறிவு

அங்ஙனமாயின், இழந்தது என்ன? பழைய ஊர்தி நின்றுவிட்டால் ஓட்டுநர் மூடியைத் திறந்து பார்ப்பார். பிளக்கைத் துடைப்பார், கார்புரேட்டரில் அடைத்த தூசியை ஊதி நீக்குவார், மின்கலம் தளர்ந்திருந்தால் முன்புறத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி இயக்குவார். ஏட்டுக்கல்வி குறைவாகப் பெற்றவரும் இவற்றைப் பார்த்துக் கற்றார். தமக்கு அடுத்தவருக்கும் கற்பித்தார். தோட்டப் பட்டறை, பெயர்ப்பலகை இல்லாத ஒரு தொழிற்கல்விக் கூடமாகவே விளங்கியது.

புதிய ஊர்தியில் பழுது நேர்ந்தால் திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றுகின்றது. அதன் பொருளை அறிய உரிய கருவி வேண்டும். சில வேளைகளில் உற்பத்தியாளரின் அனுமதியும் வேண்டும். ஊர்தியை வாங்கியவர் அதனை முழுமையாக உடைமை கொண்டாரா என்னும் ஐயம் இங்கு எழுகின்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், ஊர்தியின் பழுதுநீக்கத் தகவல்களைத் தனிப்பட்ட பட்டறைகளுக்கும் வழங்க வேண்டும் என 2012ஆம் ஆண்டில் சட்டம் செய்தது. 2020ஆம் ஆண்டில் மக்கள் வாக்கெடுப்பின்வழி அதனை விரிவுபடுத்தியது. எனவே, இது பழைமை விரும்பிகளின் புலம்பல் மட்டுமன்று. மக்களின் உரிமையைச் சார்ந்த வினா. 1955ஆம் ஆண்டு ஊர்தி 2019ஆம் ஆண்டில் ஓடியது. 2020ஆம் ஆண்டு ஊர்தி 2084ஆம் ஆண்டில் ஓடுமா? அதன் இரும்பு தாங்கலாம். அதனை இயக்கும் மென்பொருளை அன்று எவரேனும் பேணிக்கொண்டிருப்பரா என்பதே கேள்வி.

எளிமையைக் காத்துக்கொண்டே முன்னேறவும் வழியுண்டு. டொயோட்டா நிறுவனம் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட லேண்ட்குரூசர் 70 வரிசை, தனி அடிச்சட்டத்தைக் கைவிடாமல், உரிய திருத்தங்களுடன் இன்றும் உருவாக்கப்பட்டு வருகின்றது. பழைய டிபெண்டரின் பண்புகளை நினைவூட்டும் 'கிரெனடியர்' என்னும் ஊர்தியை இனியோஸ் நிறுவனம் 2022ஆம் ஆண்டில் பிரான்சில் உருவாக்கத் தொடங்கியது. நம் நாட்டுக் கேமரன் மலையிலோ, காய்கறி விளைவிப்போர் பழைய லேண்ட்ரோவர்களைச் செப்பனிட்டுச் செப்பனிட்டு மலைச்சரிவுகளில் ஓட்டி வருகின்றனர். அவர்களுக்கு அவை காட்சிப் பொருள்கள் அல்ல, உழைக்கும் கருவிகள்.

நிறைவாக

பண்டார் தெங்காரா வட்டாரத்தில் இன்று செம்பனைத் தோட்டப் பணிகளுக்குப் பெரும்பாலும் பின்புறம் திறந்த பிக்கப் ஊர்திகளே ஓடுகின்றன. துரையின் ஊர்தி என்று அஞ்சி ஒதுங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள், தம் சொந்த ஊர்தியில் அதே தடங்களில் செல்கின்றனர். இவ்வுயர்வு போற்றத்தக்கது, எந்தப் பழைய இயந்திரத்திற்காகவும் இதனை விட்டுக்கொடுத்தல் இயலாது. ஆயினும், ஓட்டும் உரிமையைப் பெற்றவர்கள் அறியும் உரிமையை இழந்துவிடலாகாது.

ஆசிரியர்கள் இதில் ஆற்றத்தக்க பணி உண்டு. தாழ்நிலைக் கியரின் இயல்பைக் கப்பி, நெம்புகோல் பாடங்களோடு இணைத்துக் கற்பிக்கலாம். தோட்டப்புறங்களில் ஊர்தி ஓட்டிய, பட்டறையில் உழைத்த முதியவர்களிடம் மாணவர்களை அனுப்பி, அவர்கள் கூறுவனவற்றைத் தமிழில் எழுதிவரச் செய்யலாம். எந்தச் சாலை எந்த மழையில் உடைந்தது, எந்த உறுப்பிற்கு மாற்றாக எதனைப் பொருத்தி ஊர்தியை வீடு கொண்டுவந்து சேர்த்தனர் என்பன அவர்களுடைய நினைவில் மட்டுமே வாழும் செய்திகள். பழைய ஊர்திகளைப் பேணப் பொருள் படைத்தோர் உளர். அவற்றை ஓட்டியவர்களின் அறிவைப் பேணும் பொறுப்பு பள்ளிகளுடையது. அதற்குரிய காலமோ நீண்டதன்று.