எந்தப் பிரேம், எவ்வளவு நேரம்?

திரையில் ஒரு முகம் அசையாமல் நிற்கும்போது படமே நின்றுவிட்டதாகப் பார்க்கிறவருக்குத் தோன்றும். படச்சுருள் காலத்தில் அப்படி நிறுத்துவது ஆபத்து. பேசும்படத்தில் வினாடிக்கு 24 பிரேம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விளக்கின் சூட்டில் ஒரே பிரேம் தங்கினால் நைட்ரேட் சுருள் தீப்பிடித்துவிடும். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் நடத்திய காட்சியில் முதலில் அசையாத படம் ஒன்று தெரிந்ததாகவும் பிறகே அது நகரத் தொடங்கியதாகவும் ஜார்ஜ் மெலியஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். லூமியேர் கருவியில் விளக்குக்கும் சுருளுக்கும் நடுவே நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவை இருந்து சூட்டைத் தணித்தது. பின்னாளில் எடிட்டர்கள் கொண்டுவந்த ஃப்ரீஸ் ஷாட் வேறு வகை. அதில் ஓட்டம் நிற்பதில்லை. ஒரே பிரேமின் பிரதிகள் வரிசையாக ஓடுகின்றன. எனவே எடிட்டர் இரண்டு முடிவுகள் எடுத்தாக வேண்டும்: எந்தப் பிரேம், எவ்வளவு நேரம். ஃப்ரீஸின் வரலாற்றை இந்த இரண்டும் யார் கையில் இருந்தன என்று பார்த்தே எடைபோட வேண்டும்.

லேப் காலத்தில் இரண்டும் எடிட்டர் கையில்தான் இருந்தன, அதுவும் விளைவைப் பார்ப்பதற்கு முன்பே. வேண்டிய பிரேமைப் பாசிட்டிவில் பென்சிலால் குறித்து, சுருளின் ஓர எண்ணோடு, எத்தனை பிரேம் நீளம் என்பதையும் எழுதி லேபுக்கு அனுப்ப வேண்டும். மூன்று வினாடிக்கு 72. ஆப்டிகல் பிரிண்டரில் ஒரு பக்கம் அந்தப் பிரேம் அசையாமல் இருக்க, எதிரே உள்ள கேமரா அதை 72 முறை பதிவு செய்யும். பிரதியிலிருந்து பிரதி எடுப்பதால் தெளிவு குறையும். ஓடும் படத்தில் பிரேமுக்குப் பிரேம் மாறிக்கொண்டே இருக்கும் கிரெய்ன் சட்டென உறைந்துபோகும். ஒட்டியிருந்த தூசியும் அப்படியே நிற்கும். இதை மறைக்கப் பக்கத்துப் பக்கத்துப் பிரேம்கள் இரண்டு மூன்றை மாற்றி மாற்றி அச்சிட்டவர்களும் உண்டு. வந்த துண்டு சரியில்லை என்றால் மறுபடி செலவு, மறுபடி காத்திருப்பு.

அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நடந்த யோசனையின் ஆழத்தை மூன்று படங்களில் பார்க்கலாம். 1929இல் வந்த சீகா வெர்தோவின் ‘மூவி கேமராவுடன் ஒரு மனிதன்’ படத்தில் வண்டி இழுத்தோடும் குதிரை பாதி ஓட்டத்தில் உறைகிறது. தொடர்ந்து சில முகங்கள் உறைந்து தெரிகின்றன. பிறகு எடிட்டர் எலிசவேத்தா ஸ்வீலோவாவின் மேசையில் அவை சுருளாகவே காட்டப்பட்டு, மீண்டும் உயிர்பெற்று அசைகின்றன. 1959இல் த்ரூஃபோவின் ‘400 அடிகள்’ படம், கடற்கரையில் சிறுவன் கேமராவை நோக்கித் திரும்பும் பிரேமில் முடிகிறது. அந்த உறைந்த படத்துக்குள்ளேயே முகம் நெருங்கி வருகிறது. 1964இல் ‘சாருலதா’வின் இறுதியில், கணவன் மனைவி கைகள் சேர்வதற்குச் சற்று முன்னதாகவே சத்யஜித் ராய் நிறுத்திவிடுகிறார். கைகள் சேர்ந்த பிரேமைத் தேர்ந்திருந்தால் அது சமாதானம். சேராத பிரேம் என்பதால் அது தீர்ப்பில்லாத கேள்வி. கதையின் பொருளே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

லேப் காலத்து ஃப்ரீஸ் எல்லாம் யோசித்துச் செய்ததா என்று கேட்பார்கள். இல்லைதான். எல்லோரும் சிரித்தபடி நிற்க ‘வணக்கம்’ என்று எழுத்து விழுந்த தமிழ்ப் படங்கள் எத்தனையோ. செலவு சிந்தனைக்கு உத்தரவாதம் தரவில்லை. ஆனால் ‘எவ்வளவு நேரம்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டு யாராலும் ஆர்டர் எழுத முடியாது; அந்த எண்ணை ஒரு மனிதர்தான் நிரப்பினார்.

லேபுக்கு எழுதி அனுப்பிக் காத்திருக்கும் இந்த முறையை வீடியோ மாற்றத் தொடங்கியது. 1967இல் வந்த ஆம்பெக்ஸ் எச்.எஸ்.-100 சுமார் 30 வினாடிக் காட்சியைக் காந்தத் தட்டில் பதிந்து, வேண்டிய இடத்தில் உடனே நிறுத்திக் காட்டியது. விளையாட்டு ஒளிபரப்பில் நிறுத்திய பிரேம் சாட்சியாகவே ஆனது: 1992 நவம்பரில் டர்பன் டெஸ்ட்டில் சச்சின் டெண்டுல்கரை ரீப்ளே பார்த்து மூன்றாம் நடுவர் ரன் அவுட் என்றார். எந்தப் பிரேம் என்ற கேள்விக்கு அன்று ஒரு விக்கெட்டின் விலை இருந்தது.

1989இல் கணினியில் எடிட் செய்யும் அவிட் வந்த பிறகு அந்தக் கேள்வி எடிட்டருக்கு இன்னும் எளிதானது. முன்னும் பின்னும் பிரேம் பிரேமாக நகர்ந்து, கண் இமை பாதி மூடிய பிரேமை ஒதுக்கி, அடுத்ததை வைத்துப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் நொடியில் திரும்பலாம். மென்பொருள் ஃப்ரீஸை மலிவாக்கிவிட்டது என்று வருந்துபவர்களோடு இதில் நான் உடன்படவில்லை. பிரேம் தேர்வு முன்னைவிட நுட்பமாகியிருக்கிறது. இழப்பு இரண்டாவது முடிவில்தான். ஃபைனல் கட் ப்ரோவில் ஃப்ரீஸ் கட்டளை கொடுத்தால் வழக்கமாக நான்கு வினாடி விழுகிறது. ப்ரீமியரில் இடையே செருகினால் இரண்டு. இழுத்து மாற்றிக்கொள்ளலாமே என்பது உண்மைதான். ஆனால் காலியாக இருந்த கட்டம் நிரம்பியே வரும்போது அதைக் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை. எடிட்டிங் கற்கிறவர்கள் அந்த எண்ணை அப்படியே ஏற்க வேண்டாம். பின்னணி ஒலியோடு ஓடவிட்டுப் பாருங்கள்; எத்தனை பிரேம் வேண்டும் என்று நீங்களே எண்ணி வையுங்கள்.