காரின் ஆக்சிஜன் உணரியும் உங்கள் உடல்நலமும்

பெட்ரோல் காரின் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்தால், பலரும் அதை வண்டியின் கோளாறாக மட்டுமே கருதுகின்றனர். வெளியேறும் புகையில் நச்சு வாயுக்கள் கூடியிருக்கலாம் என்பதையும் அவ்விளக்கு உணர்த்துகிறது.

ஆக்சிஜன் உணரியின் பணி

புகைக்குழாயில் பொருத்தப்பட்ட இவ்வுணரி, புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனின் அளவை எஞ்சின் கணினிக்குத் தெரிவிக்கிறது. பரவலாகப் பயன்படும் சிர்கோனியா வகை உணரியில், எரிபொருள் மிகுந்தால் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.9 வோல்ட்டுக்கு உயரும். காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் அளவுக்குக் குறையும். இதைக் கொண்டு கணினி, எடையளவில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தைப் பேணுகிறது. இவ்விகிதத்தில்தான் வினையூக்கி மாற்றி கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் ஒருசேரக் குறைக்க இயலும்.

கணினி செய்யும் சோதனைகள்

• சூடேற்றி: உணரி ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால்தான் செயல்படும். அதனுள் உள்ள சூடேற்றியின் மின்சுற்று சரியாக உள்ளதா எனக் கணினி பார்க்கிறது.
• விரைவு: எரிபொருளின் அளவு கூடிக் குறையும்போது மின்னழுத்தம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று அளக்கிறது. தேய்ந்த உணரி மந்தமாக மாறும்.
• எரிபொருள் நிறுத்தம்: ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது எரிபொருள் நிறுத்தப்பட்டு, குழாயில் காற்று மட்டுமே செல்லும். அப்போது மின்னழுத்தம் குறையாவிடில் உணரி பழுதானது.
• ஒப்பீடு: வினையூக்கி மாற்றி நன்றாக இயங்கினால், அதன் பின்னுள்ள உணரியின் அளவு பெரிதும் மாறாமல் இருக்கும். முன்னுள்ள உணரியைப் போலவே அதுவும் ஏறியிறங்கினால், மாற்றி செயலிழந்திருக்கலாம்.

பொதுவாக, அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் ஒரே குறை கண்டறியப்பட்டால் விளக்கு எரியும்.

விளக்கு எரியாவிடில் ஆபத்து இல்லையா?

அவ்வாறு கொள்ளலாகாது. கணினி எஞ்சினின் புகையைக் கண்காணிக்கிறதேயன்றி, நீங்கள் சுவாசிக்கும் காற்றை அன்று. மேலும், எஞ்சினை இயக்கிய தொடக்க நேரத்தில் உணரியும் வினையூக்கி மாற்றியும் குளிர்ந்திருப்பதால், நச்சு வாயுக்கள் அதிக அளவில் வெளியேறுகின்றன. எனவே, மூடிய கொட்டகைக்குள் எஞ்சினைச் சிறிது நேரம்கூட ஓடவிடாதீர்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினுடன் பிணைகிறது. தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி, மனக்குழப்பம் ஆகியன இதன் அறிகுறிகள். கர்ப்பிணிகள், குழந்தைகள், இதய நோயாளிகள் ஆகியோருக்குப் பாதிப்பு கடுமையாகும்.

அறிகுறி தென்பட்டால்

பாதிக்கப்பட்டவரை உடனே திறந்தவெளிக்குக் கொண்டுசென்று, 108 எண்ணை அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி இயல்பான அளவைக் காட்டினாலும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டா. அதனால் இந்நச்சைப் பிரித்தறிய இயலாது. மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனையும் ஆக்சிஜன் சிகிச்சையும் தேவைப்படும்.

மஞ்சள் விளக்கு எரிந்தால், அதை அணைத்துவிட மட்டும் சொல்லாமல், காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யச் சொல்லுங்கள்.