பேகம்பேட்டையும் நுங்கம்பாக்கமும்: இரண்டு மழைப் பதிவேடுகள்

ஐதராபாத்தின் சனத்நகரில் நேற்று எவ்வளவு வெயில் அடித்தது என்று நாளிதழில் தேடினால் சனத்நகர் என்ற பெயரே இருக்காது. ‘ஐதராபாத்’ என்று ஓர் எண் இருக்கும். கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி, பேகம்பேட்டைப் பழைய விமான நிலையத்தில் இந்திய வானிலைத் துறை எடுத்த அளவு அது. 2008 மார்ச்சில் பயணிகள் விமானங்கள் சம்ஷாபாத்துக்குப் போய்விட்டாலும், மழைமானியும் வெப்பமானியும் பேகம்பேட்டையில்தான் இருக்கின்றன. சென்னையிலும் இதே கதைதான். தாம்பரத்துக்காரர் நனைந்தாலும் காய்ந்தாலும், ‘சென்னை’ என்று நூற்றாண்டுகளுக்கு நிற்கப்போவது நுங்கம்பாக்கத்தின் எண்.

தொழிற்பேட்டை வேலைக்காகச் சனத்நகர், பாலாநகர் பக்கம் வந்து தங்கிவிட்ட தமிழர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒப்பீடு ஒன்று உண்டு: இங்கே மழை கம்மி, வெயில் வறண்ட வெயில், ராத்திரி குளிரும். மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்கு இரண்டு ஊர்களின் மாதவாரிப் பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்தபின் எனக்குத் தோன்றியது இதுதான்: இரண்டையும் ஒரே விதமாகப் படிக்கக் கூடாது. நுங்கம்பாக்கத்தில் மாத மொத்தம் பேசும், மாதச் சராசரி ஏமாற்றும். பேகம்பேட்டையில் சராசரியை ஓரளவு நம்பலாம், ஆனால் ஊரை மூழ்கடித்த மழையை மாத மொத்தத்தில் தேடிப் பயனில்லை.

வயதில் நுங்கம்பாக்கம் மூத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடம் அங்கே 1792-இல் எழுந்தது. அதன் பொறுப்பில் இருந்த ஜான் கோல்டிங்காம் 1796 முதல் வானிலைக் குறிப்புகளை எழுதி வைத்தார். இந்திய வானிலைத் துறை பிறந்ததே 1875-இல்தான். ஐதராபாத்தில் நிஜாமியா வானாய்வுக்கூடத்தை நவாப் ஜாஃபர் ஜங் 1901-இல் தொடங்கினார். 2020 அக்டோபர் பெருமழையின்போது, 1903-க்குப் பின் அக்டோபரில் ஒரே நாளில் இவ்வளவு மழை பெய்ததில்லை என்று சொல்லப்பட்டது. அந்த 1903 பதிவு பேகம்பேட்டையில் விமான நிலையம் வருவதற்கு முந்தையது. ஆக, ஐதராபாத் பதிவேட்டுக்கும் நூறு வயதுக்கு மேல்தான். கடற்கரைப் பதிவேட்டுக்கு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வெயிலை முதலில் முடித்துவிடலாம். ஐதராபாத்தின் உச்சம் 45.5 டிகிரி செல்சியஸ், 1966 ஜூன் 2. நுங்கம்பாக்கத்தின் உச்சம் 45 டிகிரி, 2003 மே 31. கடலோர ஊருக்கும் அரை கிலோமீட்டர் உயரப் பீடபூமி ஊருக்கும் இடையே உச்சத்தில் அரை டிகிரிதான் வித்தியாசம் என்பதைப் பலர் நம்பமாட்டார்கள். சென்னையைக் காப்பது கடற்காற்று. மே கடைசியில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று வலுத்து, கடற்காற்றை உள்ளே வரவிடாமல் பிற்பகல்வரை தடுத்து நிறுத்தும் நாட்களில், சென்னையும் உள்நாட்டு ஊராகிவிடும். இரண்டு உச்சங்களும் விழுந்த தேதிகளைக் கவனியுங்கள்: தமிழ்நாட்டு நாட்காட்டிப்படி அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்ட நாட்கள் அவை. தெலுங்குக்காரர்களின் ரோகிணி கார்த்திக் கணக்கோ மே 25 வாக்கில் தொடங்கி ஜூன் முதல் வாரம்வரை ஓடும். இரண்டு தேதிகளும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. அந்த நாட்களில் உரலே வெடிக்கும் என்பார்கள் இங்கே. கத்திரி முடிந்தது என்று நிம்மதிப் பெருமூச்சு விடும் நம் வழக்கத்தைவிட அது பதிவேட்டுக்கு நெருக்கமாக இருக்கிறது. வானிலைத் துறையின் பருவப் பகுப்போ இன்னும் வேடிக்கை. ஜூன் 1 முதல் அதற்குப் பருவமழைக் காலம். ஐதராபாத்தின் வரலாற்றிலேயே வெப்பமான நாள் மழைக்காலக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது.

குளிரில்தான் உண்மையான இடைவெளி. பேகம்பேட்டையின் தாழ்ந்த அளவு 6.1 டிகிரி, 1946 ஜனவரி 8. நுங்கம்பாக்கம் 13.9-க்குக் கீழே போனதில்லை. 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் அந்த அளவைத் தொட்டிருக்கிறது. ஜனவரியின் குறைந்தபட்ச வெப்பநிலை சனத்நகருக்கு வெறும் போர்வைக் கணக்கல்ல. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்தால் குளிர்ந்த காற்று கீழேயே தேங்கி, ஆலைப் புகையையும் வண்டிப் புகையையும் மேலே போகவிடாது. சனத்நகரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத்தர நிலையம் ஒன்று உண்டு. குளிர்கால மாதங்களில் அங்கே தூசு ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி மழை. ஐதராபாத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 80 செ.மீ., சென்னைக்குச் சுமார் 140 செ.மீ. 2.5 மி.மீ.க்குக் குறையாமல் பெய்தால்தான் வானிலைத் துறை அதை மழைநாள் என்று எண்ணும். அந்தக் கணக்கில் இரண்டு ஊர்களுக்கும் ஆண்டுக்கு ஐம்பது அறுபது மழைநாட்கள்தான். எனவே சென்னையில் மழை அதிக நாட்கள் பெய்வதாகச் சொல்வதைவிட, பெய்கிற நாளில் அதிகம் கொட்டுகிறது என்பதே பொருந்தும்.

மாதங்களாகப் பிரித்தால் ஐதராபாத்தின் படம் நிதானமானது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதங்களுக்கும் இயல்பு தலா சுமார் 15 முதல் 20 செ.மீ. ஜூனும் அக்டோபரும் இரு பக்கமும் சரிவு. சென்னையில் நவம்பர் மட்டுமே 35 செ.மீ.க்கு மேல், மார்ச்சுக்கு ஒரு செ.மீ. கூடத் தேறாது. ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை: வடகிழக்குப் பருவமழை ஊர் என்று நாம் முத்திரை குத்திய சென்னைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை கிடைக்கும் மழையே 40 செ.மீ.யைத் தாண்டும். மாலை நேர இடிமழைகள்தான் பெரும்பாலும். ஐதராபாத்தின் முழுப் பருவ மழையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு, சென்னை தன் ‘பருவமல்லாத’ காலத்திலேயே வாங்கிவிடுகிறது.

சராசரி ஏமாற்றும் என்றேன். நுங்கம்பாக்கத்தில் 2015 நவம்பரில் மட்டும் 105 செ.மீ. அளவுக்கு மழை. அதற்கு முன் 1918 நவம்பர் 108 செ.மீ.யைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டே, 2016-இல், தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. இந்த இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் ‘இயல்பான நவம்பர்’ எந்த ஆண்டிலும் எவருக்கும் கிடைப்பதில்லை. சென்னையின் நவம்பர் ஒரு புயலையோ ஒரு தாழ்வு மண்டலத்தையோ நம்பி இருக்கிறது; வந்தால் இரட்டிப்பு, வராவிட்டால் பாதி. ஐதராபாத்தின் ஜூலைக்கு இப்படிப் பெரிய ஆட்டம் குறைவு, ஏனென்றால் அங்கே மழை பல சிறு தவணைகளில் வருகிறது.

ஆனால் சென்னையின் மாத மொத்தத்தைக் குறை சொல்ல முடியாது. 2015 வெள்ளம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது டிசம்பர் 1 இரவு. அன்று காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. அந்த 29 செ.மீ. பதிவேட்டில் டிசம்பர் கணக்கில் விழுந்தது. அதை மட்டும் பார்த்தால் அடையாற்றில் நடந்தது புரியாது. 1976 நவம்பரில் ஒரே நாளில் 45 செ.மீ. பெய்த ஊர் இது. 1846 அக்டோபர் 21-இல் 52 செ.மீ. பெய்த ஊர். 29 செ.மீ. மட்டும் அவ்வளவு பெரிய அழிவைச் செய்திருக்காது. அதற்கு முந்தைய முப்பது நாளில் 105 செ.மீ. இறங்கி, ஏரிகளெல்லாம் நிரம்பி, மண்ணில் ஒரு சொட்டு இறங்க இடமில்லாமல் இருந்ததுதான் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுகளைத் திறக்க வைத்தது. டிசம்பர் வெள்ளத்துக்கான விளக்கம் நவம்பர் மொத்தத்தில் இருக்கிறது.

ஐதராபாத்தில் இந்தத் தர்க்கம் செல்லாது. 2000 ஆகஸ்ட் 24-இல் பேகம்பேட்டையில் 24 மணி நேரத்தில் 24 செ.மீ. பெய்தது. ஆகஸ்ட் முழுவதற்குமான இயல்பைவிட ஒரே நாளின் மழை அதிகம். 2020 அக்டோபர் 13 காலை, காக்கிநாடா அருகே கரை கடந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மேற்கே நகர்ந்து வந்தது. மறுநாள் காலைக்குள் பேகம்பேட்டையில் 19 செ.மீ. அது அந்த மாத இயல்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1908 செப்டம்பர் 28-இல் மூசி ஆறு பொங்கிச் சுமார் 15,000 பேரைக் கொண்டுபோனதும் இந்த வகைதான். செப்டம்பர், ஆகஸ்ட், அக்டோபர் என்று மூன்று பேரிடர்களுக்கும் மூன்று வேறு மாதங்கள். சென்னைக்காரர் நவம்பரைக் கண்டு பயப்படலாம். ஐதராபாத்துக்காரருக்கு அப்படி ஒரு மாதத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. 1908-க்குப் பின் பொறியாளர் விசுவேசுவரய்யா வந்து, வெள்ளத்தைத் தடுக்க மூசியின் குறுக்கே உஸ்மான் சாகரும் ஈசி ஆற்றின் குறுக்கே ஹிமாயத் சாகரும் கட்டத் திட்டம் கொடுத்தார். ஒன்று 1920-இலும் மற்றது 1927-இலும் முடிந்தன. ஒரு நாள் மழையைப் பிடித்து நிறுத்தும் கட்டுமானம் வேண்டும் என்று அன்றே தெரிந்திருக்கிறது.

அந்த ஏரிகளும் சென்னையின் ஏரிகளும் ஒரே ஆண்டில் எப்படி இருந்தன என்று பார்ப்பது, என் கணக்கில், இந்த ஒப்பீட்டின் மையம். 2015-இல் எல் நினோ வலுவாக இருந்தது. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை மெலிவதும் வடகிழக்குப் பருவமழை வலுப்பதும் பெரும்பாலும் நடப்பவை. அந்த ஆண்டு நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 விழுக்காடு குறைந்தது. உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் தரை தெரிய வற்றி, ஐதராபாத் கிருஷ்ணா, கோதாவரித் தண்ணீரை நம்பியிருந்த அதே மாதங்களில், சென்னையில் படகு ஓடியது. நாடு முழுவதற்கும் ஒரே சராசரி போட்டு ‘இந்த ஆண்டு மழை குறைவு’ என்று சொல்லும் வாக்கியம் இந்த இரண்டு ஊர்களில் எதற்கு ஆறுதல்?

இன்னொரு குறை இரண்டு பதிவேடுகளுக்கும் பொது. 2015 டிசம்பரில் நுங்கம்பாக்கம் 29 செ.மீ. காட்டியபோது தாம்பரத்தில் 49, செம்பரம்பாக்கத்தில் 47. 2020 அக்டோபரில் பேகம்பேட்டை 19 செ.மீ. காட்டியபோது கட்கேசர் பக்கம் 32 செ.மீ. இரண்டு நகரங்களிலும் பழைய நிலையம் நடு ஊரில் இருந்தது, மழை புறநகரில் விழுந்தது. ஐதராபாத்தின் 32 செ.மீ. நமக்குத் தெரிய வந்தது, தெலங்கானா மாநில வளர்ச்சித் திட்டச் சங்கம் நிறுவியிருக்கும் தானியங்கி வானிலை நிலையங்களால். மாநிலம் முழுக்க அவை ஆயிரத்தைத் தாண்டும். 2023 ஜூலையில் முலுகு மாவட்டத்தின் லட்சுமிதேவிபேட்டையில் ஒரே நாளில் 65 செ.மீ. அளவுக்குப் பெய்ததைப் பிடித்ததும் அந்த வலைதான். பழைய வானிலை நிலையங்கள் மட்டும் இருந்திருந்தால் அந்த மழை பதிவேட்டில் ஏறாமலே போயிருக்கும். ஆனால் இந்தத் தானியங்கி நிலையங்களுக்கு வயது போதாது. காலநிலை இயல்பு என்று சொல்ல முப்பது ஆண்டுப் பதிவு வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் மரபு. கட்கேசரின் தானியங்கி நிலையத்துக்குச் சொந்தமாக இன்னும் ‘இயல்பு’ கிடையாது. பழைய நிலையத்தின் இயல்பைத்தான் கடன் வாங்க வேண்டும்.

ஆகவே பழைய பதிவேட்டைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அதில் எந்தப் பத்தியைப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. வானிலைத் துறையின் காலநிலை அட்டவணைகளில் மாத வெப்பம், மாத மழை, மழைநாட்கள் ஆகியவற்றோடு இன்னொரு பத்தியும் உண்டு: அந்த மாதத்தில் 24 மணி நேரத்தில் பெய்த அதிகபட்ச மழை, தேதியோடும் ஆண்டோடும். நாளிதழ்களும் மனை விற்பவர்களும் பெரும்பாலும் இதை எடுத்துப் போடுவதில்லை. சனத்நகரிலோ ஐதராபாத்தின் வேறு தாழ்ந்த பகுதியிலோ வீடு பார்ப்பவர் மாத இயல்பை விட்டுவிட்டு, ஜூனிலிருந்து அக்டோபர் வரை இந்தப் பத்தியைப் பார்க்கட்டும். பக்கத்துத் தானியங்கி நிலையத்தின் நாளளவுகளையும் சேர்த்துப் பார்க்கட்டும். சென்னையில் பார்ப்பவர் அந்தப் பகுதி ஏரி எந்தெந்த ஆண்டு நவம்பர் கடைசியில் நிரம்பியிருந்தது என்று கேட்கட்டும்.