மொட்டு உதிர்ந்த கதை: குளிர்தேச ஆர்க்கிட்களும் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளும்

ஆர்க்கிட் வளர்ப்பவர்களை அதிகம் நோகடிக்கும் விஷயம் ஒன்று உண்டு. பல மாதங்கள் காத்திருந்து பூந்தண்டு நீளும். பத்துப் பதினைந்து மொட்டுகள் கட்டும். இந்த வாரம் மலர்ந்துவிடும் என்று நினைக்கும்போது மொட்டுகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர ஆரம்பிக்கும். செடி மட்டும் பச்சைப் பசேல் என்று நன்றாகவே இருக்கும்! சிம்பிடியம், ஒடோன்டோகிளாசம் போன்ற குளிர்ந்த மலைகளின் ஆர்க்கிட்களை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ள மனிதனுக்கு நூறு வருடங்களுக்கு மேல் ஆனது. அதற்குள் பணக்காரர்களின் பணமும், தென் அமெரிக்காவின் காடுகளும் நிறையவே அழிந்தன. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

கொதிக்கும் வீடுகள்

1818ல் பிரேசிலில் இருந்து வில்லியம் ஸ்வைன்சன் என்பவர் இங்கிலாந்துக்குச் சில செடிகளை அனுப்பினார். அவற்றில் ஒன்று வில்லியம் கேட்லி என்ற வணிகரின் தோட்டத்தில் பெரிய ஊதா நிறப் பூவாக மலர்ந்தது. ஜான் லிண்ட்லி என்ற தாவரவியலாளர் 1821ல் அதற்குக் கேட்லியா என்று பெயர் வைத்தார். இங்கிலாந்தில் ஆர்க்கிட் பைத்தியம் வேகம் பிடித்தது இதற்குப் பிறகுதான்.

செடி கிடைத்துவிட்டது, எப்படி வளர்ப்பது? லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்கு லிண்ட்லி 1830ல் சொன்ன ஆலோசனை இது: நிறைய வெப்பம், நிறைய நிழல், நிறைய ஈரம். ஆர்க்கிட்கள் வெப்ப நாடுகளில் இருந்து வருகின்றன, எனவே அவற்றுக்கு வெப்பம் தேவை என்ற கணக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் வெப்ப நாடுகளில் மலைகளும் உண்டு, மலை மேலே குளிரும் என்பது இந்தக் கணக்கில் விடுபட்டுப் போனது.

பணக்காரர்கள் கண்ணாடி வீடுகளைக் கட்டினார்கள். ஜன்னல்களை மூடி, நிலக்கரியை எரித்து, உள்ளே ஆவி பறக்கும்படி வைத்தார்கள். உயரமான மலைகளில் இருந்து வந்த செடிகள் அதற்குள் வெந்து போயின. சில செடிகள் ஒன்றிரண்டு வருடம் தாக்குப் பிடித்தாலும் ஒழுங்காகப் பூக்கவில்லை.

மலையில் இருந்து வந்த செய்தி

இந்தத் தவறை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஜோசப் பாக்ஸ்டன். டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் தோட்டத்துக்குத் தலைமைத் தோட்டக்காரர். பின்னாளில் 1851ல் லண்டனின் கிரிஸ்டல் பாலஸை வடிவமைத்தவரும் இவரேதான். 1835ல் ஜான் கிப்சன் என்ற தோட்டக்காரர் சாட்ஸ்வொர்த்தில் இருந்து இந்தியாவின் காசி மலைக்கு அனுப்பப்பட்டு, 1837ல் ஏராளமான ஆர்க்கிட்களோடு திரும்பினார். எல்லாச் செடிகளையும் ஒரே சூட்டில் அடைக்காமல், வெவ்வேறு வெப்பநிலை கொண்ட தனித்தனி வீடுகளில் பாக்ஸ்டன் வைத்தார். காற்று உள்ளே வரும்படியும் செய்தார். செடிகள் பிழைத்தன, பூத்தன.

அதே காசி மலையில் 1850ல் ஜோசப் ஹூக்கர் நீல வாண்டா ஆர்க்கிட்டைப் பார்த்தார். மரக்கிளைகளில் காற்றும் வெயிலும் படும்படி அது வளர்ந்திருந்தது. குளிர்காலத்தில் அந்த இடத்தில் உறைபனி விழுவதும் வழக்கம். இங்கிலாந்தில் அந்தச் செடிக்குக் கொடுக்கப்படும் பராமரிப்பு இதற்கு நேர் எதிராக இருக்கிறது என்று தன் இமயமலைப் பயணக் குறிப்புகளில் (1854) அவர் எழுதினார். ஹூக்கரும் அவரது நண்பர் தாம்சனும் ஏழு ஆட்கள் சுமக்கும் அளவு செடிகளைச் சேகரித்து க்யூ தோட்டத்துக்கு அனுப்பினார்கள். உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சில!

லக்சம்பர்க்கில் பிறந்த ஜான் லின்டன் இன்னொரு முக்கியமான ஆள். இவர் கொலம்பியா, வெனிசுவேலா மலைகளில் சுற்றியபோது செடி கிடைத்த இடத்தின் உயரத்தையும் குளிரையும் சேர்த்தே கவனித்தார். ஜேம்ஸ் பேட்மேன் 1864 முதல் 1874 வரை ஒடோன்டோகிளாசம் பற்றிப் பெரிய நூல் ஒன்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். குளிர் வீட்டில் வளர்க்கும் முறையைப் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நிலக்கரிச் செலவும் குறைந்ததால் நடுத்தர வசதி உள்ளவர்களும் ஆர்க்கிட் வளர்க்க முடிந்தது.

அறியாமைக்கு யார் விலை கொடுத்தது?

குளிர் வீடு வெற்றி பெற்றதும் புதிய சிக்கல் வந்தது. கொலம்பியாவின் பொகோட்டாவைச் சுற்றியுள்ள, மேகம் தவழும் காடுகளில் வளரும் ஒடோன்டோகிளாசம் கிரிஸ்பம் என்ற வெள்ளைப் பூவுக்கு லண்டனில் பெரும் கிராக்கி. 1860களில் இருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. 1906ல் இதன் அபூர்வமான ஒரு செடி ஆயிரம் கினிக்கு மேல் ஏலம் போனது. தேவை ஏறினால் விலை ஏறும், விலை ஏறினால் வரத்து பெருகும் என்பது வணிகவியலின் முதல் பாடம். ஆனால் காட்டில் வளரும் செடிக்கு உற்பத்தி கிடையாது. எடுப்பது மட்டும்தான்.

ஆல்பர்ட் மிலிகன் என்ற ஆர்க்கிட் வேட்டைக்காரர் 1891ல் வெளியிட்ட பயண நூலில் தன் வேலையைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டு மாத காலத்தில் சுமார் பத்தாயிரம் செடிகளைச் சேகரிக்க அவரது ஆட்கள் வெட்டிய மரங்கள் சுமார் நாலாயிரம். கணக்குப் போட்டால் ஒரு மரத்துக்கு இரண்டரைச் செடி! அந்தச் செடிகளிலும் பல கப்பலிலேயே அழுகின. சரியான பராமரிப்பு முப்பது வருடம் முன்பே தெரிந்திருந்தால் இருக்கும் செடியைப் பெருக்கியிருக்கலாம். இறந்த செடிக்குப் பதிலாக இன்னொன்று என்று வாங்கிக்கொண்டே இருந்ததால்தான் காடு இவ்வளவு காலியானது.

பனிமூட்டமும் காஸ் விளக்கும்

வெப்பத்தைச் சரி செய்த பிறகும் மொட்டுகள் உதிர்ந்தன. 1880களில் லண்டனைச் சுற்றியிருந்த தோட்டக்காரர்கள் குளிர்காலப் பனிமூட்டத்தைக் குறை சொன்னார்கள். புகையும் கந்தகமும் கலந்த மூட்டம் அது. ராயல் தோட்டக்கலைச் சங்கம் இதை ஆராயச் சொன்னது. எஃப். டபிள்யூ. ஆலிவர் என்ற தாவரவியலாளர் 1890களின் தொடக்கத்தில் அறிக்கைகள் கொடுத்தார். காற்றில் கலந்திருக்கும் அழுக்கு செடியைப் பாதிக்கிறது என்பது உறுதியானது.

ஆனால் முக்கியக் குற்றவாளி பிடிபட்டது வேறு இடத்தில். அந்தக் காலத்தில் வீடுகளுக்கும் தெருக்களுக்கும் வெளிச்சம் தந்தது நிலக்கரி வாயு. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதைக் கவனித்த டிமிட்ரி நெல்யுபோவ், விளக்கு வாயுவில் இருக்கும் எத்திலீன்தான் காரணம் என்று 1901ல் கண்டுபிடித்தார். சிகாகோவில் கார்னேஷன் பூக்கள் கெட்டுப்போய் வளர்ப்பவர்களுக்கு நஷ்டம் வந்தபோது க்ராக்கர், நைட் இருவரும் 1908ல் ஆராய்ந்தார்கள். காற்றில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு எத்திலீன் இருந்தாலே மலர்ந்த பூ 12 மணி நேரத்தில் மூடிக்கொண்டது. 1949ல் கேட்லியா ஆர்க்கிட்டின் பூவிதழ்கள் காய்ந்து போவதற்கும் எத்திலீன்தான் காரணம் என்று அமெரிக்காவில் டேவிட்சன் காட்டினார்.

இதற்கு நடுவே 1934ல் ரிச்சர்ட் கேன் இன்னொரு ஆச்சரியத்தை நிரூபித்தார். பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை வெளியிடுகிறது! செடிகளும் அப்படித்தான். தாகம், அதிக வெப்பம், திடீர் மாற்றம் என்று எந்தக் கஷ்டம் வந்தாலும் செடிக்குள் எத்திலீன் கூடுகிறது. மொட்டின் காம்பில் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. எத்திலீன் கூடியதும் அங்குள்ள செல்களின் சுவர்கள் கரைந்து விலகுகின்றன. மொட்டு கழன்று விழுகிறது. கஷ்ட காலத்தில் செலவைக் குறைத்து உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு என்று சொல்லலாம்.

இன்று வீட்டில் வளர்ப்பவர்களுக்கு

இப்போது பரவலாக வீடுகளில் இருப்பது சிம்பிடியம் கலப்பினங்கள். இவற்றின் முதல் கலப்பினம் 1889ல் வீட்ச் நிறுவனத்தில் பூத்தது. தாய் தந்தையரில் ஒன்று காசி மலைச் செடி, இன்னொன்று பர்மாச் செடி. எனவே மேலே பார்த்த வரலாறு அப்படியே இவற்றுக்குப் பொருந்தும்.

1. மொட்டு கட்டிய பிறகு இரவில் குளிர்ச்சி தேவை. 10 முதல் 14 டிகிரி செல்சியஸ் நல்லது. பூத்ததைப் பார்க்கும் ஆசையில் சூடான வரவேற்பறைக்குள் தூக்கி வந்தால் லிண்ட்லியின் தவறையே திரும்பச் செய்வதாகும். முதல் சில பூக்கள் விரிந்த பிறகு உள்ளே கொண்டு வரலாம்.

2. காற்று ஓட்டம் வேண்டும், ஆனால் ஹீட்டர் காற்றோ குளிர்சாதனக் காற்றோ நேராகப் படக்கூடாது.

3. வேர் முழுக்கக் காய விடக்கூடாது, தண்ணீரில் ஊறவும் விடக்கூடாது. வறண்ட காற்று மொட்டுக்கு எதிரி.

4. மொட்டு இருக்கும்போது தொட்டியை இடம் மாற்றுவதோ, மண் கலவையை மாற்றுவதோ வேண்டாம்.

5. பழக்கூடையின் பக்கத்தில் வைக்கக்கூடாது. வாழைப்பழமும் ஆப்பிளும் விடும் எத்திலீன் போதும். அடுப்புப் புகை, வண்டிப் புகை, சிகரெட் புகை எல்லாம் இதே கணக்கில்தான் வரும்.

ஐந்தும் பைசா செலவில்லாத விஷயங்கள். ஆனால் இவற்றைத் தெரிந்துகொள்ள உலகம் கொடுத்த விலையில் கொலம்பியாவின் அந்த நாலாயிரம் மரங்களும் அடக்கம். 1975ல் அமலுக்கு வந்த சைட்டீஸ் ஒப்பந்தப்படி காட்டு ஆர்க்கிட் வணிகத்துக்கு இன்று உலக அளவில் கட்டுப்பாடு உண்டு. நர்சரியில் பெருக்கிய செடியை வாங்கி, அதன் மொட்டைக் காப்பாற்றத் தெரிந்தவருக்குக் காட்டில் இருந்து இன்னொரு செடி தேவைப்படாது.