வானத்தைக் காணும் இல்லங்கள்: விமானத் தடங்காணலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வானிற் செல்லும் விமானம் எது, யாருடையது, எங்கே செல்கின்றது என்பவற்றை அறியும் ஆற்றல் நெடுங்காலமாக அரசுகளின் தனியுரிமையாகவே இருந்து வந்தது. ராடர் நிலையங்களும் கட்டுப்பாட்டுக் கோபுரங்களும் அரசின் கண்களாக விளங்கின. இன்றோ, அவ்வாற்றல் சாதாரண மனிதரின் வீட்டுக் கூரையிற் பொருத்தப்பட்ட சிறு அன்ரெனாவுக்கும் வாய்த்துள்ளது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதன் பயன் யாரைச் சென்றடைந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விமானம் பார்த்தல் என்னும் பொழுதுபோக்கின் வேர்கள் யுத்தத்திலேயே உள்ளன. பிரித்தானியாவில் 1925 ஆம் ஆண்டு அவதானிப்பாளர் படை ஒன்று அமைக்கப்பட்டது. 1940 இல் ஜேர்மானிய விமானங்கள் அந்நாட்டைத் தாக்கியபோது, கரையோர ராடர்கள் கடலை நோக்கியனவாகவே இருந்தன. கரையைக் கடந்து உள்ளே வந்த விமானங்களைப் பின்தொடரும் பணி, பெரும்பாலும் தொண்டர்களைக் கொண்டிருந்த இப்படையினரின் கண்களையும் காதுகளையுமே சார்ந்திருந்தது. ராடர் திரையிற் புள்ளியாகத் தெரிவது நட்பு விமானமா, பகை விமானமா என அறியும்பொருட்டு, கேட்கப்படும் வினாவுக்கு வானொலி அலையால் விடையளிக்கும் கருவியும் அதே யுத்தத்தில் உருவாயிற்று. இன்றைய விமானங்களிலுள்ள ‘ட்ரான்ஸ்பொண்டர்’ அதன் வழித்தோன்றலேயாகும். யுத்தத்தின் பின்னர், தொலைநோக்கியும் குறிப்பேடும் ஏந்தி விமானங்களின் பதிவிலக்கங்களைச் சேகரித்தல் பலருக்குப் பொழுதுபோக்காயிற்று.

ஆயினும் அரசுகள் இவர்களை ஐயக்கண் கொண்டே நோக்கின. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா விமானத்தளத்தில் பிரித்தானியர் பன்னிருவரும் ஒல்லாந்தர் இருவரும் கைதுசெய்யப்பட்டு, ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டனர். 2002 ஏப்ரலில் அவர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் மேன்முறையீட்டின்போதே விடுதலை பெற்றனர். அரசுகளின் அச்சம் முற்றிலும் அடிப்படையற்றதன்று என்பதைப் பின்வந்த நிகழ்ச்சிகள் காட்டின. அமெரிக்காவின் சி.ஐ.ஏ. நிறுவனம் சந்தேக நபர்களை இரகசியமாக நாடுவிட்டு நாடு கடத்திச்சென்ற விமானங்களைப் பத்திரிகையாளர் அடையாளங் கண்டபோது, இத்தகைய பொழுதுபோக்காளரின் புகைப்படங்களும் குறிப்புகளும் அவர்களுக்குப் பெரிதும் உதவின. ஐரோப்பியப் பேரவையின் சார்பில் டிக் மார்ட்டி 2006 இல் வெளியிட்ட அறிக்கை அக்கடத்தற் பயணங்களை உலகறியச் செய்தது.

இக்காலப்பகுதியிலேயே குறிப்பேட்டின் இடத்தைக் கருவி பெறலாயிற்று. 1983 செப்ரெம்பர் 1 ஆம் திகதி வழிதவறிச் சோவியத் வான்வெளியினுட் புகுந்த கொரிய விமானம் சுட்டுவீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதனையடுத்து, செய்மதிகளின் துணையால் இருப்பிடத்தை அறியும் ஜி.பி.எஸ். முறையைப் பொதுமக்களின் போக்குவரத்துக்கும் திறந்துவிடுவதாக அமெரிக்கா அறிவித்தது. இம்முறையின் அடிப்படையில் எழுந்ததே ‘ஏ.டி.எஸ்.-பி.’ என்னும் ஏற்பாடாகும். இதன்படி விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிந்து, 1090 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ இருமுறை ஒலிபரப்புகின்றது. எந்நாட்டு நிலையமும் அருகிலுள்ள எவ்விமானமும் அதனைப் பெறவேண்டுமாகையால், அச்செய்தி சங்கேதமாக்கப்படவில்லை. ராடரைவிடச் செலவு குறைந்தது என்பதனாலும் அரசுகள் இதனை விரும்பின. அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல், கட்டுப்பாட்டுக்குட்பட்ட வான்வெளியின் பெரும்பகுதியில் இது கட்டாயமாயிற்று. அரசுகள் தம் தேவைக்காக அமைத்த முறையே, அவற்றின் தனியுரிமை தளரவும் காரணமாயிற்று எனலாம்.

2006 இல் சுவீடனைச் சேர்ந்த ஆர்வலர் இருவர் இவ்வலைகளைப் பெறும் வாங்கிக் கருவிகளை இணைத்து ஒரு வலையமைப்பைத் தொடங்கினர். பின்னர் ‘பிளைட்ராடர்24’ எனப் பெயர்பெற்ற அது, 2009 இல் கருவியுடைய எவரும் சேரத்தக்கதாகத் திறக்கப்பட்டது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்பரப்பு வெறுமையுற்றபோது, அவ்வெறுமையைக் கணினித் திரையிற் கண்ட மக்கள் இதன் ஆற்றலை உணர்ந்தனர். அதுவரை விலையுயர்ந்திருந்த கருவியை எளியோரிடம் கொணர்ந்தது 2012 அளவில் நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பாகும். கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென விற்கப்பட்ட, ஏறத்தாழ 20 டொலர் விலையுள்ள சிறு கருவியைக் கொண்டே விமானத்தின் அலைகளையும் பெறலாமென ஆர்வலர் கண்டனர். அதற்கான மென்பொருளையும் இலவசமாக வழங்கினர்.

10,000 மீற்றர் உயரத்திற் பறக்கும் விமானத்தின் அலையை, தடைகளற்ற இடத்திலுள்ள ஒரு கருவி 400 கிலோமீற்றர் தொலைவு வரை பெறக்கூடும். அதற்கப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். எனவே தனியொரு வீடு காண்பது வானின் ஒரு துண்டு மாத்திரமே. மேலும், தன் இருப்பிடத்தைக் கூறாது அடையாளத்தை மட்டும் ஒலிபரப்பும் விமானங்களும் உள. அதே அலை வெவ்வேறிடங்களிலுள்ள நான்கு கருவிகளை வந்தடையும் நேர வேறுபாட்டைக் கணித்து அவற்றின் இருப்பிடத்தை அறியலாம். எந்தத் தனிமனிதராலும் இயலாத இக்காரியம், கூட்டுழைப்பினாலேயே சாத்தியமாகின்றது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. 2014 மார்ச் 8 ஆம் திகதி 239 பேருடன் சென்ற மலேசிய விமானம் எம்.எச்.370, புறப்பட்டு ஒரு மணித்தியாலம் நிறைவதற்கு முன்னரே இவ்வலையமைப்புகளின் திரையிலிருந்து மறைந்தது. அதன் ட்ரான்ஸ்பொண்டர் மௌனமானபின், அதன் திருப்பத்தைக் காட்டியது இராணுவ ராடரே. பேசும் விமானத்தை மட்டுமே வீட்டுக்கருவி கேட்கும். பேசாத விமானத்தையும் காணும் ஆற்றல் இன்னும் அரசின் கையிலேயே உள்ளது.

அடுத்து எழுவது உடைமை பற்றிய வினா. ஆயிரக்கணக்கானோர் தத்தம் செலவிற் சேர்த்தனுப்பும் தரவுகள் நிறுவனங்களின் விற்பனைப் பொருளாகியுள்ளன. அனுப்புவோருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இலவசச் சந்தா ஒன்றே. அமெரிக்க அரசின் தரவுகளையும் பெறும் நிறுவனங்கள், அந்நாட்டு விமான உரிமையாளர் வேண்டிக்கொண்டால் அவர்தம் விமானங்களை மறைக்கவும் வேண்டியுள்ளது. எதனையும் மறைப்பதில்லை என்ற கொள்கையுடன் 2016 இல் தொடங்கப்பட்ட ‘ஏ.டி.எஸ்.-பி. எக்ஸ்சேஞ்ச்’ என்னும் தொண்டர் வலையமைப்பு, 2023 ஜனவரியில் ‘ஜெட்நெட்’ என்ற வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. தம் உழைப்பு தம்மைக் கேளாது விற்கப்பட்டதெனச் சினந்த பலர் தம் கருவிகளைத் துண்டித்துப் புதிய வலையமைப்புகளை உருவாக்கினர். நிறுவனத்தை விற்கலாம், கூரைமேலுள்ள அன்ரெனாவை விற்கவியலாது என்பதை அவர்களது செயல் உணர்த்தியது.

தனிமனித அந்தரங்கம் பாதிக்கப்படுகின்றது என்னும் வாதத்தையும் புறக்கணித்தல் தகாது. செல்வந்தர் எலொன் மஸ்க்கின் விமானப் பயணங்களை வெளியிட்டுவந்த மாணவர் ஒருவரின் கணக்கை, மஸ்க்குக்கு உரிமையாகிவிட்ட ‘ருவிற்றர்’ நிறுவனம் 2022 டிசெம்பரில் முடக்கியது. தனியார் விமான உரிமையாளர் தம் பெயர் விபரங்களை மறைக்குமாறு கோருவதற்கு 2024 இல் அமெரிக்கச் சட்டமொன்று வழிவகுத்தது. ஒருவரது நடமாட்டத்தை ஓயாது பின்தொடர்வது அவருக்குத் தீங்காகலாம் என்பது உண்மையே. எனினும், சொந்த விமானமுடையோர் மிகச் சிலர். அவர்களின் மறைவுரிமைக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பையும், கலமாட்டாவில் குறிப்பேடு ஏந்தி நின்றோருக்குக் கிடைத்த சிறையையும் ஒப்புநோக்குதல் பொருத்தமானது.

தொகுத்து நோக்குமிடத்து, மலிந்த கருவி மட்டும் மக்களுக்கு வானைக் காணும் ஆற்றலை அளித்துவிடவில்லை. அக்கருவிகளை ஒன்றிணைத்த கூட்டுழைப்பே அதனை அளித்தது என்பது புலனாகும். அவ்வுழைப்பின் பயனை உழைத்தோரே ஆளும் வழியைக் காணாதவிடத்து, அரசின் தனியுரிமை வணிகரின் தனியுரிமையாக மாறுவதோடு இவ்வரலாறு நின்றுவிடும்.